கலிபோர்னியப் பள்ளிகளின் சிறப்புக் கல்வியில் பள்ளி உளவியலாளர் என்ன செய்கிறார்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனுக்கு வாசிப்பு சரியாக வரவில்லை. சிறப்புக் கல்வி, அதாவது குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான தனிக் கற்பித்தல் உதவி, அவனுக்குத் தேவையா என்று அறியப் பள்ளியிலிருந்து மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றை அனுப்பி, ஒப்புதல் தெரிவித்துக் கையொப்பமிடச் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பீடு செய்பவர்களின் பட்டியலில் பள்ளி உளவியலாளரும் இருக்கிறார். அவனுக்கு மனநலக் கோளாறு என்கிறார்களா, கையொப்பமிட்டால் தனி வகுப்புக்கு மாற்றிவிடுவார்களா, வீட்டில் தமிழ் பேசுவதுதான் காரணமா என்று மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். மூன்றாவது ஐயத்தை ஆராய்ந்து விடை காண்பது அந்த உளவியலாளரின் கடமைகளுள் ஒன்று. அந்த விடை சரியாக அமைவதற்கு உங்கள் உதவி அவருக்குத் தேவை.

கலிபோர்னியப் பொதுப் பள்ளிகளில் பணியாற்றும் உளவியலாளர் மருத்துவர் அல்லர். மருந்து எழுதிக் கொடுப்பவரும் அல்லர். கல்வி, உளவியல் ஆகிய இரண்டிலும் பயிற்சி பெற்று, மாநிலத்தின் உரிமச் சான்று வாங்கியவர். இந்தத் துறையின் தேசியச் சங்கம் வகுத்துள்ள அளவுகோலின்படி, முதுநிலையில் குறைந்தது 60 செமஸ்டர் அலகுகள் படித்து, 1,200 மணி நேரம் களப்பயிற்சி செய்திருக்க வேண்டும். அதில் பாதியாவது பள்ளியில் செய்ததாக இருக்க வேண்டும். ஐந்நூறு மாணவர்களுக்கு ஒருவர் என்பது அதே சங்கத்தின் பரிந்துரை. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உளவியலாளருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் என்ற நிலை பல பள்ளி மாவட்டங்களில், அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளில், வழக்கமாகிவிட்டது. அதனால்தான் உங்கள் மகன் அங்கே இரண்டாண்டுகள் படித்தும் இப்படி ஒருவர் இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கக்கூடும்.

வாசிப்புச் சிக்கலுக்கு எதற்காக உளவியலாளர் வருகிறார் என்பது நியாயமான கேள்வி. இதன் விடை வரலாற்றில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் வரலாறு. 1904இல் பிரெஞ்சு அரசு, சாதாரண வகுப்பில் பயன்பெற முடியாத குழந்தைகளைக் கண்டறிய வழி தேடிக் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் உருவாக்கிய சோதனைதான் இன்றைய அறிவுத்திறன் சோதனைகள் எல்லாவற்றுக்கும் மூலம். உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டுபிடிப்பதே பினேயின் நோக்கம். அறிவுத்திறன் மாறாதது என்ற கருத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அந்தச் சோதனையை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஏற்றபடி திருத்தி 1916இல் வெளியிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன். அறிவுத்திறன் பிறப்பிலேயே வருவது என்றும், இனங்களுக்கிடையே அதில் ஏற்றத்தாழ்வு உண்டு என்றும் அவர் நம்பினார். கண்டறிவதற்காகப் பிறந்த கருவி, பிரித்து ஒதுக்குவதற்கான கருவியாக மாறிய வழி அதுதான்.

அதன் விளைவை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. கலிபோர்னியாவின் மான்டரே வட்டாரத்தில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள் ஒன்பது பேரை, ஆங்கிலத்தில் நடத்திய அறிவுத்திறன் சோதனையின் மதிப்பெண்ணை வைத்து, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். இரு மொழியும் அறிந்த ஒருவர் மீண்டும் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கான வரம்பைத் தாண்டினார்கள். குழந்தையிடம் குறை இல்லை. கேள்வி கேட்ட மொழியில்தான் குறை. டயானா வழக்கு என்று அறியப்படும் அது 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. குழந்தையைத் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற விதிக்கு வேர் அந்த உடன்பாடு. அடுத்து வந்தது, சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பினக் குழந்தைகளுக்காக 1971இல் தொடுக்கப்பட்ட லாரி பி. வழக்கு. மாநிலத்தின் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினராக இருந்த கறுப்பினக் குழந்தைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டு வகுப்புகளில் மட்டும் நான்கில் ஒரு பங்கினராக இருந்தார்கள். அவர்களை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு அறிவுத்திறன் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் தீர்ப்பளித்தார்; 1986இல் அந்தத் தடை மேலும் விரிவாக்கப்பட்டது. கலிபோர்னியப் பள்ளி உளவியலாளர்கள் தம் பயிற்சிக் காலத்திலேயே படிக்கும் வழக்கு இது.

இதற்கிடையே, 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், உடல் மற்றும் மனக் குறைபாடு உடைய எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான, தகுந்த பொதுக் கல்வி உண்டு என்று உறுதி செய்தது. அதற்கு முன் பத்து லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதை அச்சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1990இல் பெயர் மாற்றப்பட்டு, 2004இல் கடைசியாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டு, இன்று ஐடியா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது அதே சட்டம்தான். ஒரே ஒரு சோதனையை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இன, பண்பாட்டுச் சார்பு இல்லாத கருவிகளையே பயன்படுத்த வேண்டும். குழந்தையின் தாய்மொழியில், அல்லது அவன் திறனைச் சரியாக வெளிப்படுத்தும் மொழியில் மதிப்பிட வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் முதல் மதிப்பீட்டைத் தொடங்கவே கூடாது. இவையெல்லாம் மேலே சொன்ன அநீதிகளைக் கண்ட பிறகு சட்டத்தில் ஏறியவை. உங்கள் கையில் இருக்கும் ஒப்புதல் படிவம் வெறும் அலுவலகத் தாள் அன்று. குழந்தையைப் பெற்றோருக்குத் தெரியாமல் ஒதுக்கிவைத்த காலம் திரும்பக் கூடாது என்பதற்கான பூட்டு அது.

இனி உளவியலாளர் உண்மையில் செய்யும் வேலைக்கு வருகிறேன். பெற்றோர் பலரும் நினைப்பதுபோல் அவர் குழந்தையை ஓர் அறைக்கு அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு ஓர் எண்ணைச் சொல்வதோடு முடிவதில்லை. அவருக்கு முன் உள்ள வினா, இந்தக் குழந்தை ஏன் எதிர்பார்த்தபடி கற்கவில்லை என்பது. அதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். கண்பார்வையோ கேட்கும் திறனோ குறைந்திருக்கலாம்; அடிக்கடி பள்ளி மாறியிருக்கலாம்; முதல் வகுப்பில் வாசிப்பைச் சரியாகக் கற்பிக்காமலே விட்டிருக்கலாம்; ஆங்கிலம் இன்னும் முழுமையாகப் படியாதிருக்கலாம்; கவனக் குறைவோ பதற்றமோ இருக்கலாம்; டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாகவும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்க்கும்போது இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்: புத்தகத்தைத் திறந்தால் பையன் தடுமாறுகிறான், அல்லது எழுந்து ஓடுகிறான். ஒவ்வொரு காரணத்துக்கும் செய்ய வேண்டியது வேறு என்பதால், காரணத்தைப் பிரித்தறிவதில்தான் உளவியலாளரின் தேர்ச்சி வெளிப்படும்.

முதலில் அவர் கோப்பைப் படிப்பார். வருகைப் பதிவு, பழைய மதிப்பெண் அறிக்கைகள், பார்வை மற்றும் கேள்திறன் பரிசோதனை முடிவுகள், ஆங்கிலம் கற்போருக்கான மாநிலத் தேர்வின் மதிப்பெண்கள், ஆசிரியர் இதுவரை கொடுத்துப் பார்த்த கூடுதல் பயிற்சியின் பதிவுகள் ஆகியவை அதில் இருக்கும். 2025-26 கல்வியாண்டு முதல் கலிபோர்னியாவில் மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் வாசிப்புச் சிரமம் உண்டா என்று அறியும் முதல்நிலைச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. உங்கள் மகனுக்கும் அது நடந்திருந்தால் அதன் முடிவையும் பார்ப்பார். பிறகு வகுப்பறையில் ஓரமாக உட்கார்ந்து அவனைக் கவனிப்பார். வாசிப்பு வேளையில் எப்படி, கணக்கு வேளையில் எப்படி, விளையாட்டுத் திடலில் எப்படி என்று தனித்தனியே பார்ப்பார். கணக்கில் கூர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தை வாசிப்பு தொடங்கியதும் கழிப்பறைக்கு அனுமதி கேட்கிறான் என்றால், அவனுக்குக் கவனக் குறைவு என்று எழுதுவதற்கு முன் எந்த நல்ல உளவியலாளரும் நின்று யோசிப்பார். என் கருத்தில், இந்த நேரடிக் கவனிப்பு எழுத்துச் சோதனைகளைவிட அதிகம் சொல்லும். அறிக்கையில் அதற்கென்று ஒரு பகுதி இல்லையென்றால் நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

அதன் பின்னரே தனி அமர்வுகள். பெரும்பாலும் பயன்படும் அறிவுத்திறன் சோதனையான வெக்ஸ்லர் அளவுகோலின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. சொல்லறிவு, காட்சி-இடவுணர்வு, புதிய சிக்கல்களை அவிழ்க்கும் திறன், செயல்படு நினைவு, செயல் வேகம் என ஐந்து துறைகளை அது தனித்தனியே அளக்கிறது. வாசிப்புச் சிக்கல் உள்ள குழந்தைக்கு இவற்றோடு ஒலியுணர்வுச் சோதனைகளும் அவசியம். ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலியை நீக்கிவிட்டுச் சொல்லச் சொல்வது, தனித்தனி ஒலிகளைக் கொடுத்துச் சொல்லாகச் சேர்க்கச் சொல்வது, பொருளற்ற சொற்களைத் திருப்பிச் சொல்லவைப்பது, வரிசையாக உள்ள எழுத்துகளையோ நிறங்களையோ வேகமாகப் பெயர் சொல்லவைப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றின் அடைவுச் சோதனைகளைப் பெரும்பாலும் சிறப்புக் கல்வி ஆசிரியர் நடத்துவார். பேச்சு மொழியில் ஐயம் இருந்தால் பேச்சு மொழி வல்லுநரும் சேர்வார். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒரு குழந்தையின் கதையாகக் கோப்பது உளவியலாளரின் பொறுப்பு.

மதிப்பெண்களைப் படிக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மிகவும் கலங்குவது இங்கேதான். இந்தச் சோதனைகளில் 100 என்பது அதே வயதுக் குழந்தைகளின் சராசரி. 85 முதல் 115 வரையிலான எல்லைக்குள் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அடங்குவார்கள். நம் ஊர்ப் பரீட்சையின் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இது அன்று. 90 வாங்கிய குழந்தை பத்துக் கேள்விகளைத் தவறவிடவில்லை, நடுத்தர எல்லைக்குள் நிற்கிறான் என்றுதான் பொருள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பிழை எல்லை உண்டு. 92 என்று அச்சிட்டிருந்தாலும் உண்மையான அளவு அதற்குச் சில புள்ளிகள் மேலோ கீழோ இருக்கலாம் என்பதை நேர்மையான அறிக்கை வரம்பாகவே காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மொத்த எண்ணைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சொல்லறிவில் 118, செயல் வேகத்தில் 82, ஒலியுணர்வில் 76 என்று ஒரு குழந்தை எடுத்தால், இவற்றைக் கலந்து வரும் சராசரி எண் அந்தக் குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது. அவன் அறிவாளி, கதையைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வான், ஆனால் எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் திணறுகிறான் என்பதைச் சொல்வது அந்த மூன்று எண்களுக்கும் இடையிலான இடைவெளிதான்.

மொழிக்கு வருவோம். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன, இரண்டையும் நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். ஒன்று, வீட்டில் தமிழ் பேசும் குழந்தையின் ஆங்கிலத் தயக்கத்தைக் குறைபாடு என்று முடிவு செய்துவிடுவது. டயானா வழக்கில் நடந்தது இதுவே. இன்னொன்று அதற்கு நேர் எதிரானது: உண்மையிலேயே வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தையை, வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லி நான்காம் வகுப்பு வரை காத்திருக்க வைப்பது. வாசிப்பில் உதவி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு எளிதில் பலன் தரும் என்பதால், இரண்டாவது தவறும் சிறியதன்று. வேறு மொழி பேசும் வீட்டுக் குழந்தை அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தை ஓரிரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொள்ளும். பாடப் புத்தகத்தின் ஆங்கிலத்தில் உடன் படிப்போரை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று கனடாவில் ஆய்ந்த ஜிம் கம்மின்ஸ் காட்டினார். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசுகிறானே, பிறகென்ன மொழிச் சிக்கல் என்று ஆசிரியர் நினைப்பதும், அதை வைத்தே குறைபாடு என்று முடிவுக்கு வருவதும் இந்த வேறுபாட்டை மறப்பதால் நேர்கிறது.

உளவியலாளர் இதை எப்படிப் பிரித்தறிவார்? மொழிப் பழக்கம் போதாததால் வரும் தயக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். உண்மையான குறைபாட்டின் சுவடு இரு மொழியிலும் இருக்கும். தமிழில் சொல்லும் கதையைப் பின்தொடர முடிகிறதா, தமிழ்ப் பாட்டின் எதுகையைப் பிடிக்கிறானா, இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் நினைவில் வைத்துச் செய்கிறானா, தமிழ் பேசத் தொடங்கியது எந்த வயதில், தம்பி தங்கையரோடு ஒப்பிட்டால் எப்படி என்பதையெல்லாம் அவர் அறிய வேண்டும். அமெரிக்காவில் வளரும் தமிழ்க் குழந்தைகளை மாதிரியாக வைத்துத் தரப்படுத்திய தமிழ்ச் சோதனை எதுவும் அவர் கையில் இருக்காது. மொழிபெயர்ப்பாளரை வைத்து ஆங்கிலச் சோதனையைத் தமிழில் சொல்லவைத்தால், அந்த மதிப்பெண்ணை ஆங்கில அட்டவணையோடு ஒப்பிடுவது செல்லாது. மொழி குறைவாகத் தேவைப்படும் சோதனைகளையும் பெற்றோரின் விவரங்களையும் சேர்த்து, கவனத்தோடு விளக்க வேண்டும். ஆகவே நேர்காணலில் நீங்கள் தரும் விவரம் வெறும் பின்னணித் தகவல் அன்று, அதுவே ஒரு சான்று. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அவன் போகிறான் என்றால், அந்த ஆசிரியரின் கருத்தையும் எழுதி வாங்கிக் கொடுங்கள். தமிழ் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஓரளவு ஒழுங்கானது. ஒரே ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும் அந்த மாற்றத்துக்கு விதி உண்டு. ஆங்கிலத்திலோ எழுத்துக் கூட்டு ஒன்றே சொல்லுக்குச் சொல் வேறுவேறாக ஒலிக்கும். ஆகையால் ஒலியுணர்வுக் குறைபாடு உள்ள குழந்தை தமிழைத் தப்பில்லாமல், ஆனால் மிக மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடும். தமிழ் வாசிக்கிறானே என்று சொல்லி நிறுத்தாமல், எவ்வளவு சிரமப்பட்டு வாசிக்கிறான் என்பதையும் சொல்லுங்கள்.

இதோடு தொடர்புள்ள ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தை குழம்புகிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது உங்களுக்கு அறிவுரை சொல்லியிருந்தால், அதைப் பின்பற்ற வேண்டாம். இரு மொழிச் சூழல் கற்றல் குறைபாட்டையோ ஆட்டிசத்தையோ உண்டாக்குவதில்லை. அத்தகைய குறைபாடு உள்ள குழந்தைகளும் இரண்டு மொழிகளைக் கற்கிறார்கள். தாத்தா பாட்டியோடு பேசும் மொழியை அவனிடமிருந்து எடுத்துவிட்டால் வாசிப்பு வந்துவிடாது. அவனுக்கு இருக்கும் ஆதரவில் ஒன்றுதான் குறையும்.

மதிப்பீடு முடிந்ததும் ஐஇபி எனப்படும் தனிநபர் கல்வித் திட்டக் கூட்டம் நடக்கும். கலிபோர்னியாவில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இது நடக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேற்பட்ட பள்ளி விடுமுறைகள் அந்தக் கணக்கில் சேரா. கூட்டத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பார்கள். சட்டம் சொல்லும் பதின்மூன்று குறைபாட்டு வகைகளில் ஒன்று இருக்கிறதா? அதன் காரணமாகச் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே தகுதி உண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகைதான் அவற்றுள் பெரியது. நாட்டில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு அதில் அடங்குவார்கள். அந்தக் குறைபாடு உண்டு என்று முடிவு செய்யுமுன், சரியான கற்பித்தல் இல்லாமை, ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவு ஆகியவை முதன்மைக் காரணம் அல்ல என்று குழு உறுதி செய்தாக வேண்டும். ஒரு காலத்தில், அறிவுத்திறனுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் தகுதி என்று பல மாநிலங்கள் வைத்திருந்தன. குழந்தை போதிய அளவு தோற்கும் வரை காத்திருப்பது என்பதே நடைமுறையில் அதற்குப் பொருளாக இருந்தது. 2004 திருத்தத்துக்குப் பிறகு எந்த மாநிலமும் அந்த இடைவெளியைக் கட்டாயமாக்க முடியாது; முறையான கூடுதல் பயிற்சி கொடுத்தும் முன்னேறாததையே சான்றாகக் கொள்ளவும் இடமுண்டு. உளவியலாளரின் பணியை நல்ல வழியில் திருப்பிய மாற்றங்களுள் இதை முதலாவதாகச் சொல்வேன்.

தகுதி கிடைப்பதால் குழந்தை தனி வகுப்புக்குப் போவதில்லை. தகுதி, இலக்குகள், சேவைகள், இடம் என்ற வரிசையில்தான் முடிவெடுக்க வேண்டும். கூடியவரை மற்றக் குழந்தைகளோடு பொது வகுப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாசிப்புக் குறைபாடு மட்டும் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் தம் வகுப்பிலேயே இருந்துகொண்டு, வாரத்தில் சில மணி நேரம் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் சிறு குழுவாகப் பயிற்சி பெறுவார்கள். குறைபாடு இருந்தும் சிறப்புக் கற்பித்தல் தேவையில்லை என்று குழு கண்டால், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி கூடுதல் நேரம், வாசித்துக் காட்டும் வசதி போன்றவற்றைக் கேட்கலாம். இந்தக் கோப்பு மாணவர் பதிவுகளுக்கான இரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ் வரும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளி அதை அனுப்பிவைப்பதில்லை. பள்ளி தரும் தகுதி முடிவு மருத்துவ நோயறிதலும் அன்று.

திட்டம் எழுதியதோடு உளவியலாளரின் பங்கு முடிவதில்லை. தேவைப்படும் குழந்தைகளுக்குத் திட்டத்தின் பகுதியாகவே ஆலோசனை அமர்வுகள் தருவார். 2011 முதல் கலிபோர்னியாவில் கல்வி சார்ந்த மனநலச் சேவைகள் கவுண்டி எனப்படும் உள்ளாட்சி நிர்வாகத்திடமிருந்து பள்ளி மாவட்டங்களின் பொறுப்புக்கு வந்ததால் இந்தப் பணி பெருகியிருக்கிறது. அடிக்கும், ஓடும், கத்தும் குழந்தையின் நடத்தைக்கு முன் என்ன நடக்கிறது, அதன் பின் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பதிந்து ஆராய்ந்து, தண்டனைக்குப் பதிலாக வேறொரு வழியைக் கற்றுக்கொடுக்கும் நடத்தைத் திட்டத்தையும் பெரும்பாலும் அவரே வகுப்பார். சிறப்புக் கல்வி பெறும் மாணவரைப் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் விலக்கிவைக்கவோ வெளியேற்றவோ பள்ளி நினைத்தால், அந்தச் செயலுக்குக் குறைபாடு காரணமா, திட்டத்தை நிறைவேற்றாத பள்ளி காரணமா என்று ஆராயும் கூட்டத்தில் அவர் சொல்லும் கருத்து அந்தக் குழந்தையின் எதிர்காலத்தையே மாற்றக்கூடும்.

அவர் பள்ளி மாவட்டத்தின் ஊழியர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாவட்டத்தின் நிதி நெருக்கடியும் அவருடைய வேலைப் பளுவும் அவர் மேல் அழுத்தம் கொடுக்கும். டெக்சஸ் மாநிலம் 2004 முதல் பல ஆண்டுகள், மாணவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மேல் சிறப்புக் கல்வி பெறாதிருப்பதை மாவட்டங்களுக்கு ஓர் அளவுகோலாகவே வைத்திருந்தது. 2016இல் ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று அதை வெளிக்கொணர்ந்தது. 2018இல் ஒன்றிய அரசின் கல்வித் துறை அது சட்ட மீறல் என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் நல்ல மனம் உள்ள பணியாளர்கள் இருந்தும், உதவி கேட்ட பெற்றோரின் குழந்தைகள் மதிப்பீடே இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆகவே உளவியலாளரை நம்புங்கள், அதே வேளையில் உங்கள் உரிமைகளையும் அறிந்து வைத்திருங்கள். மாவட்டத்தின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால், மாவட்டத்தின் செலவிலேயே வெளி வல்லுநரின் தனி மதிப்பீட்டைக் கேட்கலாம். அதற்கு மாவட்டம் பணம் தர வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானது என்று விசாரணையில் மெய்ப்பிக்க முன்வர வேண்டும். திட்டம் எவ்வளவு தரமாக இருக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. என்ட்ரூ எஃப். வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை அடைய வழிசெய்யும் திட்டமாக அது இருக்க வேண்டும், பெயரளவு முன்னேற்றம் போதாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

உங்கள் நிலைக்குத் திரும்பினால், மதிப்பீட்டுத் திட்டத்தைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள் என்பதே என் ஆலோசனை. கையொப்பமிடும் முன், ஒலியுணர்வு, வேகமாகப் பெயர் சொல்லல், வாசிப்பு வேகம் ஆகியவை அதில் அடங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆங்கிலம் என்று குறித்துவிட்ட பெற்றோர் பலர். அப்படி இருந்தால் திருத்திக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். கூட்டத்துக்கு முன்பே அறிக்கையின் படி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மாணவர் பதிவுகளைக் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. முப்பது பக்க அறிக்கையைக் கூட்டத்தில் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவது பெற்றோருக்கும் குழந்தைக்கும் நியாயமன்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் மாவட்டமே ஏற்பாடு செய்ய வேண்டும். 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டு நீங்கள் கூட்டத்தை ஒலிப்பதிவும் செய்துகொள்ளலாம்.

கூட்டத்தில் உளவியலாளரிடம் எண்களைப் பற்றிக் கேட்பதைவிட, இந்த முடிவுகளின்படி நாளை வகுப்பறையில் எது மாற வேண்டும், எந்த முறையில் வாசிப்பைக் கற்பிக்கப் போகிறீர்கள், வாரத்துக்கு எத்தனை நிமிடம், முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு அறிக்கையிலிருந்தே விடை சொல்ல முடிகிற உளவியலாளர் தம் வேலையைச் செய்திருக்கிறார். மதிப்பீட்டுக்கு நீங்கள் தந்த ஒப்புதல், சேவைகளுக்கான ஒப்புதல் ஆகாது. அதற்குத் தனிக் கையொப்பம் தேவை. நீங்கள் அதைத் தராவிட்டால் உங்களை மீறி மாவட்டம் சிறப்புக் கல்வியைத் தொடங்க முடியாது. திட்டத்தின் சில பகுதிகளுக்கு மட்டும் ஒப்புதல் தந்து, உடன்பாடில்லாதவற்றைக் குறித்து வைக்கவும் கலிபோர்னியாவில் வழி உண்டு. அன்றே கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை மறுபார்வை செய்வார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மறுமதிப்பீடு வரும். அதற்கு முன்பே ஏதாவது சரியில்லை என்று தோன்றினால், எழுத்தில் கேட்டு முன்னதாகவே கூட்டத்தைக் கூட்டலாம்.